பெயர் வைக்கும் முன்னே வந்த வெள்ளம்: நம் கரையின் காற்றுச் சொற்களின் கதை



மாரி தொடங்கிவிட்டால் நம் ஊர்களில் வானிலை பேசாத வீடு இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "தாழமுக்கமா, சூறாவளியா?" யாராவது "தாழமுக்கம்தான்" என்று பதில் போட்டால் பலருக்கு மூச்சு வருகிறது. "அப்ப பயமில்ல" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள்.

அந்த நிம்மதி சரியா? அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். கடலுக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள், அறுகம்பையில் அலைச்சறுக்கவும் கூமுனைப் பக்கம் கூடாரம் அடிக்கவும் போகிற இளைஞர்கள், மழைநாளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற பெற்றோர்கள் எல்லோருக்கும் இது வேண்டிய விஷயம்.

*காற்றுக்கு நாம் வைத்த பெயர்கள்*

வானிலை அவதான நிலையம் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் காற்றுகளுக்குப் பெயர் இருந்தது. வடக்கிலிருந்து குளிரோடு வருவது வாடை. கிழக்கே கடலிலிருந்து மேகத்தைச் சுமந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கே மலைநாட்டைத் தாண்டி, வயல்வெளி கடந்து, உடம்பைக் காயவைத்துக்கொண்டு வருவது கச்சான்.

நாம் கொறிக்கிற கச்சானும் இந்தக் கச்சானும் ஒரே சொல்லா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. உச்சரிப்பு ஒன்றுதான், பொருள் வேறு. ஆனால் இந்தக் காற்றுப் பெயருக்கு ஒரு பெருமை இருக்கிறது. உலக வானிலை அகராதிகளில் கச்சான் இடம்பிடித்திருக்கிறது. இலங்கை மலைகளின் மறுபக்கத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் வீசும் சூடான, உலர்ந்த காற்று என்றும், மட்டக்களப்பில் அது கடற்காற்றையே தோற்கடித்து வெப்பநிலையை 38 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற்றிவிடும் என்றும் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் அகராதி சொல்கிறது. மட்டக்களப்பு, கல்முனைக் கரைகளின் மீனவரும் உழவரும் பேசிய சொல் அது.

கச்சான் ஏன் சுடுகிறது? தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. இரத்தினபுரியில் மழையாகப் பெய்வதும் சம்மாந்துறை வயலில் அனலாக அடிப்பதும் ஒரே காற்றின் இரண்டு முகங்கள்தான்.

இந்தப் பெயர்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் அடங்கியிருக்கும், கரைவலை வளைக்கலாம். ஆனால் அதே கச்சான் பலத்தால் சிறு வள்ளத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். கொண்டல் கறுத்தால் தொழிலைச் சுருக்க வேண்டும். வாடை எழுந்தால் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்ட வேண்டும். சொல்லைக் கேட்டதும் கை என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தது. நம் மூத்தப்பாமார் காலத்தில் வானிலைச் சொல் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

*மவ்சிம்*

பருவக்காற்றை ஆங்கிலத்தில் 'மொன்சூன்' என்கிறார்கள். அது அரபுச் சொல்லான 'மவ்சிம்' போர்த்துக்கேயர் வாயில் புகுந்து வெளியே வந்த வடிவம். மவ்சிம் என்றால் பருவம், குறித்த காலம். ஹஜ்ஜுக் காலத்தையும் மவ்சிம் என்றுதான் சொல்வார்கள்.

அரபு மாலுமிகளுக்கு மவ்சிம் என்பது மழையின் பெயர் அல்ல, பயணத்தின் தேதி. எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் பாய் விரித்தால் எந்தக் கரைக்குப் போய்ச் சேரலாம் என்ற கணக்கு அது. 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபார் (இன்றைய ராஸ் அல்-கைமா) ஊரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித், இந்தக் கணக்குகளை நட்சத்திரங்களோடும் கரையின் அடையாளங்களோடும் சேர்த்து 'கிதாபுல் ஃபவாயித்' என்ற நூலில் எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் ஒரு மாதம் பிழைத்தால் கப்பல் அடுத்த வருடம்வரை வேற்று ஊரில் நிற்க வேண்டும், அல்லது கடலடிக்குப் போக வேண்டும். நம் சோனக முன்னோர்களின் வணிகமும் இந்தக் காற்றின் நாட்காட்டியில்தான் ஓடியது.

இன்று வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவம். நமக்கு ஆபத்தான மாதங்கள் எவை என்று பாருங்கள். 1978 சூறாவளி நவம்பர். 2024 வெள்ளம் நவம்பர். 2025 டித்வா நவம்பர். மூன்றும் இரண்டாவது இடைப்பருவத்தில் வந்தவை. காற்று ஒரு திசையில் நிலைகொள்ளாத அந்தக் காலத்தில்தான் வங்காள விரிகுடாவில் சுழற்சிகள் அதிகம் கருக்கொள்கின்றன.

*கல்கத்தாவில் பிறந்த சொல்*

'சைக்ளோன்' என்ற சொல்லும் நம் வங்காள விரிகுடாவின் பிள்ளைதான். கல்கத்தாவில் குடியேறிய ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கில மாலுமி, புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். காற்று நேராக அடிக்கவில்லை, சுருண்ட பாம்பைப்போல வட்டமாகச் சுழல்கிறது என்று கண்டார். கிரேக்க மொழியிலிருந்து எடுத்து 1848இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான கைநூலில் அந்தச் சொல்லைப் போட்டார். நம் 'சூறாவளி'யும் இதே போலச் சுழல்காற்றைக் குறிக்கும் சொல்தான்.

ஆக, இந்தச் சொல் பிறக்கும்போதே காற்றின் சொல்லாகப் பிறந்தது. ஆனால் அந்த மனிதர் பயந்தது காற்றுக்கு மட்டும் அல்ல. கல்கத்தாவுக்குக் கீழே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, ஒரு நாள் புயலோடு எழும் கடல் அந்த இடத்தை மூடிவிடும் என்று 1853இல் ஆளுநர் நாயகத்துக்கு எழுதினார். யாரும் கேட்கவில்லை. போர்ட் கனிங் கட்டப்பட்டது. 1867இல் வந்த புயலும் கடலும் அதை அழித்தன. அதைப் பார்க்க பிடிங்டன் உயிரோடு இல்லை.

அரபியில் 'தூஃபான்' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தின் 'டைஃபூன்' என்ற சொல்லுக்குள் இதன் கலப்பும் இருக்கிறது. நூஹ் நபியின் காலத்து அழிவைக் குர்ஆன் தூஃபான் என்றே சொல்கிறது. அங்கே அது காற்றின் பெயர் அல்ல, நீரின் பெயர்.

ஒரு சொல் காற்றைப் பார்க்கிறது, மற்றது நீரைப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் மையம் இதுதான்.

*எழுபத்தெட்டு: காற்றுக்குப் பயந்த தலைமுறை*

1978 நவம்பர் 23. நம் பகுதியில் இந்தத் தேதியை ஆண்டு சொல்லாமலே புரிந்துகொள்ளும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "எழுபத்தெட்டுக்கு முந்தி", "எழுபத்தெட்டுக்குப் பிந்தி" என்று வயதையே கணக்குப் போடுவார்கள்.

அந்தச் சூறாவளி மட்டக்களப்புக்கு அருகே கரையேறியது. நாட்டில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் இரண்டரை இலட்சம் வீடுகள் முழுதாகவோ பகுதியாகவோ சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிப் படகுகளும் நெற்களஞ்சியங்களும் நொறுங்கின. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை நாமும் மட்டக்களப்பு மாவட்டத்தவர்கள்தானே. மாவட்டம் பிரிந்தாலும் காற்று பிரித்துப் பார்க்கவில்லை. கல்முனையும் அக்கரைப்பற்றும் சேர்ந்தே அடிவாங்கின.

அதிலிருந்து நம் ஊர்கள் ஒரு பாடத்தைக் கற்றன: ஆபத்து என்றால் காற்று. ஓடு பறப்பது, தென்னை முறிவது, கூரைத் தகடு வெட்டுவது. வாப்பும்மா சொன்ன கதையில் இருந்த ஆபத்து அதுதான். அது உண்மையான பாடம். ஆனால் பாதிப் பாடம்.

*இரண்டாயிரத்து நாலு: சொல்லே இல்லாத நாள்*

2004 டிசம்பர் 26 காலை சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அங்கிருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. இரண்டு மணித்தியாலத்தில் கடற்கரையிலிருந்து வயல்கரை வரை நடந்தே போய்விடலாம். அவ்வளவு ஒடுங்கிய நிலம் நம்முடையது. ஆனாலும் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது.

சுனாமி வானிலை அல்ல, நிலநடுக்கத்தின் பிள்ளை. அதை இங்கே சொல்வதற்குக் காரணம், ஒரு சொல்லின் பெறுமதியைக் காட்டத்தான். சுனாமி என்பது 'துறைமுக அலை' என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். பழந்தமிழில் கடல்கோள் என்ற சொல் இருந்தது, ஆனால் அது புத்தகத்தில் இருந்தது. கரையில் நின்றவர் வாயில் எந்தச் சொல்லும் இல்லை.

அதே நாளில் சுமாத்ராவின் பக்கத்திலேயே, நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்று ஒரு தீவு. சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். அங்கே 1907இல் இப்படி ஒரு அலை வந்து பலரைக் கொன்றிருந்தது. அந்தத் தலைமுறை அதற்கு 'ஸ்மோங்' என்று ஒரு பெயர் சொல்லி, நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2004இல் நிலம் அதிர்ந்ததும் "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியது. முழுத் தீவிலும் இறந்தவர்கள் 7 பேர் என்று கணக்கிட்டார்கள்.

சைரன் இல்லை, எஸ்.எம்.எஸ். இல்லை. ஒரு சொல்லும், அந்தச் சொல்லோடு ஒட்டிய ஒரு செயலும் மட்டும்தான் இருந்தன.

*ஏணியின் படிகள்*

இப்போது அந்த வட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். தாழமுக்கமா, சூறாவளியா?

வங்காள விரிகுடாவில் ஒரு சுழற்சி உருவானால் அதை ஒரு ஏணியில் வைத்துப் பார்க்கிறார்கள். படிகளைப் பிரிப்பது ஒன்றே ஒன்று: சுழற்சியின் காற்று வேகம்.

மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவு – தாழ் அமுக்கப் பிரதேசம்.
31 முதல் 49 வரை – தாழமுக்கம்.
50 முதல் 61 வரை – ஆழ்ந்த தாழமுக்கம்.
62 முதல் 88 வரை – சூறாவளி.
89 முதல் 117 வரை – கடும் சூறாவளி.
அதற்கு மேலும் படிகள் உண்டு.

யூடியூப்பில் தமிழ்நாட்டு வானிலையாளர்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர்கள் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று சொல்வதுதான் நம் தாழமுக்கம். அவர்கள் 'புயல்' என்பது நம் சூறாவளி. ஏணி ஒன்றுதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

பெயர் சூட்டுவதும் இந்த ஏணிப்படிதான். 2004ஆம் ஆண்டிலிருந்து இப்பிராந்தியத்துச் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். இப்போது 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கிறார்கள். ஃபெங்கல் சவூதி கொடுத்த பெயர். டித்வா யெமன் கொடுத்தது, சொகோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர். ஆனால் காற்று 62 கி.மீ.யைத் தொட்டால்தான் பெயர் கிடைக்கும். அதற்குக் கீழே எவ்வளவு மழை கொட்டினாலும் அதற்குப் பெயர் இல்லை.

இந்த ஏணியில் மழைக்கு ஒரு படிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சுழற்சி எவ்வளவு மழை தரும் என்பது அதன் காற்று வேகத்தில் மட்டும் தங்கியில்லை. அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எவ்வளவு நேரம் நம் தலைக்கு மேலே நிற்கிறது என்பதுதான் பெரிய கணக்கு. வேகமாகக் கடந்துபோகும் சூறாவளியைவிட, நகராமல் நிற்கும் தாழமுக்கம் அதிக நீரைக் கொட்டலாம்.

*பெயர் வரும் முன்னே*

2024 நவம்பர் 26. வங்காள விரிகுடாவில், நம் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சுழற்சி அன்று ஏணியில் ஆழ்ந்த தாழமுக்கப் படியில் இருந்தது. சூறாவளி இல்லை. அதிகாரபூர்வமான பெயரும் இல்லை.

அன்று மாலை காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், குறுக்கே பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களும், உதவிக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். பலரை நாம் ஜனாஸாவாகத்தான் மீட்டோம். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக, பெற்றோருக்குப் பொறுமையைத் தருவானாக.

அந்தச் சுழற்சி சூறாவளிப் படியைத் தொட்டு ஃபெங்கல் என்ற பெயரைப் பெற்றது நவம்பர் 29இல். புதுச்சேரிக்கு அருகே கரையேறியது 30இல். உலகம் ஃபெங்கல் என்று அறிந்த நாளில் நம் ஊரில் கபுறுகள் மூடி முடிந்திருந்தன.

அந்த நீர் கடலிலிருந்து வரவில்லை. மேற்கே வயல்வெளிகளிலிருந்து, ஆறும் வாய்க்கால்களும் நிரம்பி, கடலுக்கு வழி தேடி வந்த நீர். எழுபத்தெட்டு நம்மை மேலே வானத்தைப் பார்க்கப் பழக்கியது. சுனாமி கிழக்கே கடலைப் பார்க்கப் பழக்கியது. மூன்றாவது தடவை ஆபத்து முதுகுப்பக்கத்திலிருந்து வந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா அதே பாடத்தை நாடு முழுக்க நடத்தியது. காற்றின் ஏணியில் அது சூறாவளி என்ற முதல் படியைத் தாண்டவில்லை. ஆனால் மழையாலும் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எழுபத்தெட்டோடு ஒப்பிட்டால் காற்று சிறியது. அழிவு அப்படி இல்லை.

*நீரைப் படிக்கும் கணக்கு*

அறிவித்தலில் "100 மி.மீ.இலும் அதிகமான மழைவீழ்ச்சி" என்று வரும். பலருக்கு அது ஒரு சாண் கூட இல்லையே என்றுதான் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர். 10 பேர்ச் வளவு ஒன்று சுமார் 253 சதுர மீற்றர். அதில் 100 மி.மீ. பெய்தால் 25,000 லீற்றருக்கு மேல். நம் வீட்டு மேல்மாடியில் வைக்கிற 1,000 லீற்றர் தாங்கிகள் 25ஐ வளவுக்குள் ஊற்றியதற்குச் சமம். ஒரு ஏக்கர் வயலில் 4 இலட்சம் லீற்றர். இப்போது மேற்கே கண்ணுக்கெட்டும்வரை விரிந்த வயல்களை நினையுங்கள். அவ்வளவும் முகத்துவாரம் தேடி நம் பாலங்களுக்கு அடியாலும் வீதிகளுக்கு மேலாலும்தான் போக வேண்டும்.

ஒரு கன மீற்றர் நீர் 1,000 கிலோ. கணுக்காலைத் தாண்டிய 15 செ.மீ. வேகமான ஓட்டமே வளர்ந்த ஆளை விழுத்திவிடும். 60 செ.மீ. ஓட்டம் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைப் பார்த்து நம்பிக்கை வைப்பது இயல்பு. ஆனால் பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டி நீரில் மிதக்கத் தொடங்கினால் அந்தச் சில்லும் நிற்காது.

*இனி என்ன கேட்கலாம்*

"தாழமுக்கமா, சூறாவளியா" என்ற கேள்வி காற்றை மட்டும் விசாரிக்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு அது முக்கியமான கேள்விதான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தரையில் நிற்கிறவர் அதோடு இன்னும் மூன்று கேட்க வேண்டும். எத்தனை மில்லிமீற்றர் மழை சொல்லியிருக்கிறார்கள்? சுழற்சி நகர்கிறதா, நிற்கிறதா? மேற்கே மழை எப்படி, குளங்களின் வான்கதவு திறந்திருக்கிறதா, முகத்துவாரம் வெட்டியாச்சா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கொழும்பில் இருந்து வராது. வயல்காரக் காக்காமாருக்கும் முகத்துவாரத்தில் நிற்கிற மீனவருக்கும்தான் முதலில் தெரியும். அவர்களின் தகவல் மத்ரஸாவின் உஸ்தாதுக்கும், பாடசாலை அதிபருக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, இருக்கிற இடத்திலேயே வைத்திருப்பதா என்பதை அதன் பிறகுதான் தீர்மானிக்க வேண்டும். மேடான கட்டடத்தில் ஒரு இரவு பிள்ளைகளைப் படுக்கவைப்பது யாருக்கும் பாரம் இல்லை.

சிமெலுவேக்காரர்கள் ஒரு சொல்லோடு ஒரு செயலைக் கட்டிவைத்தார்கள். நம் மூத்தவர்களும் கச்சானோடும் கொண்டலோடும் வாடையோடும் அப்படித்தான் கட்டிவைத்தார்கள். தாழமுக்கம் என்ற சொல் நமக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, அதோடு கட்டிவைத்த செயல் இன்னும் இல்லை. இந்த மாரியிலிருந்து கட்டுவோம். தாழமுக்கம் என்று கேட்டால் பாலத்தையும் மேற்குத் திசையையும் பார். ஓடும் நீர் வீதியைக் கடந்தால் வாகனத்தைத் திருப்பு. இந்த இரண்டு வரியை வீட்டில் சின்னப் பிள்ளையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் ஊர்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.